ஆறாம் நாளில் மருந்தை நிறுத்தியது சரியா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 68, சர்க்கரை நோயாளி. கடும் காய்ச்சலும் மூச்சிரைப்புமாக மருத்துவமனையில் சேர்த்தபோது நிமோனியா என்றார்கள். செஃப்ட்ரியாக்சோன் ஊசி, அசித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளைக் கொடுத்து, மூன்றாம் நாள் மாத்திரைக்கு மாற்றி, ஆறாம் நாள் நிறுத்திவிட்டார்கள். இருமல் நிற்கவில்லை, எக்ஸ்ரேயிலும் வெண்மை தெரிகிறது. கடையில் லீவோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லியை வாங்கி ஒரு வாரம் கொடுக்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கொடுக்க வேண்டாம். காய்ச்சல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இறங்கி, மூச்சும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சீராகி, அவர் வாய்வழி உண்ணத் தொடங்கியிருந்தால், நிறுத்தியது முறையான முடிவே. அமெரிக்கன் தொராசிக் சொசைட்டியும் அமெரிக்கத் தொற்றுநோயியல் சங்கமும் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், உடல்நிலை சீரானவர்களுக்குக் குறைந்தது 5 நாள் சிகிச்சை என்றே கூறுகிறது. கிருமிகள் அழிந்த பிறகும் நுரையீரல் ஆறுவதற்குக் காலம் பிடிக்கும்; இருமல் சில வாரங்கள் நீடிப்பதும், முதியவர்களின் எக்ஸ்ரே தெளிவடைய ஆறு வாரங்களுக்கு மேல் ஆவதும் இயல்பு.

தொடக்கத்தில் இரண்டு மருந்துகள் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. செஃப்ட்ரியாக்சோன் கிருமியின் செல்சுவரைத் தாக்குவது. சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா, நம் செல்களுக்குள் பதுங்கும் லெஜியோனெல்லா ஆகிய நிமோனியாக் கிருமிகளை அது எட்டாது என்பதால் அசித்ரோமைசின் துணை சேர்கிறது.

லீவோஃப்ளாக்சசினைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கக்கூடியது என்பதால், நிமோனியா போலத் தோன்றும் காசநோயாளி அதை விழுங்கினால் சில நாள் தேறியதுபோல் தெரிந்து, நோயைக் கண்டறிவது தள்ளிப்போகும். அதற்குள் கிருமி அம்மருந்துக்கு அடங்காததாக மாறவும் கூடும். காசநோய் இவ்வளவு பரவியுள்ள நம் நாட்டில் இது சிறிய ஆபத்தன்று. சர்க்கரை நோயாளிகளுக்கு அது ரத்தச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தவும் ஏற்றவும் செய்யும். மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத, விற்பனையைக் கடைக்காரர் தனியே பதிவு செய்ய வேண்டிய எச்1 பட்டியலில் 2014 முதல் அது இருக்கிறது.

காய்ச்சல் திரும்பினாலோ, மூச்சிரைப்பு கூடினாலோ, மனக்குழப்பம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சளியில் காசநோய்ச் சோதனையும், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பகுதியில் சர்க்கரை நோயாளிகளுக்கு, மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் மெலியாய்டோசிஸ் என்ற தொற்றுநோய் வருவதுண்டு. அதற்கு மட்டும் வாரக்கணக்கில் ஊசியும், பின்னர் ஏறத்தாழ மூன்று மாதம் மாத்திரையும் தேவைப்படும்.