பிஎச் பிறந்த பீர் ஆலையும் நம்ம அக்கானிக் கலயமும்

கேள்வி: மார்த்தாண்டத்தில் கெமிஸ்ட்ரி படிக்கும் என் மகள், பிஎச் என்ற அளவே ஒரு பீர் கம்பெனியில்தான் பிறந்தது என்கிறாள். பீர் காய்ச்சுகிறவர்களுக்கு விஞ்ஞானி எதற்கு?
- வாசகர், கருங்கல்

பதில்: மகள் சொன்னது சரிதான். 1909-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் கொண்டுவந்த அளவு அது; ஒரு திரவம் எவ்வளவு புளிப்பு என்று சொல்வது. விஞ்ஞானி எதற்கு என்று கேட்டீர்களே, கருங்கல்காரரான உங்களுக்கு அக்கானியை, அதாவது பதநீரை வைத்தே சொல்லிவிடலாம்.

பனையேறி கலயத்தைப் பாளையில் கட்டுவதற்கு முன்னால் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார். காலையில் இறக்கிய கலயத்தைச் சாய்த்தால் அடியில் வெள்ளையாக மண்டி, மேலே தெளிந்த அக்கானி. தடவாத கலயம் என்றால் வாயில் நுரை கட்டி நிற்கும், கிட்டே போனாலே புளிப்பு வாடை ஏறும், அது கள். சுண்ணாம்பு குறைந்துபோனால் அக்கானியின் சர்க்கரை உடைந்துவிடும், அப்புறம் எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி உறையாமல் இளகிக்கொண்டே கிடக்கும். கூடினால் நாக்கு பொள்ளும். எவ்வளவு தடவ வேண்டும் என்பது பனையேறியின் விரலுக்குத் தெரியும், பல வருஷத்துப் பழக்கம் அது, அதன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

பீர் ஆலையிலும் இதே பாடுதான். முளைகட்டிய பார்லியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள், புளிப்பு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் சரியாக வேலை செய்யாது. அந்தப் புளிப்பை எழுத வேண்டுமானால் 0.0000001 என்று பூஜ்யங்களாக அடுக்க வேண்டியிருந்தது. நொதிகளையும் புரதங்களையும் ஆராய்ந்துகொண்டிருந்த சோரன்சன், பூஜ்யங்களைக் கழற்றி அதை வெறும் 7 என்று எழுதலாம் என்றார். எண் ஒன்று இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு. 7 என்றால் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. சுண்ணாம்பு அக்கானியை 7-க்கு மேலே ஏற்றி வைக்கிறது, அங்கே சர்க்கரையைக் கள்ளாக்கும் நுண்ணுயிரான ஈஸ்டுக்கு வேலை ஓடாது. கள்ளோ 4 பக்கம் இறங்கிவிடும்.

அந்த ஆய்வுக்கூடத்தை 1875-ல் தொடங்கியவர் ஆலை முதலாளி ஜேகப்சன். நல்ல பீர் திடீர் திடீரென்று கெட்டுப்போவது அவர்களுக்குப் பெரிய தலைவலி. வேண்டாத காட்டு ஈஸ்ட் உள்ளே கலந்துவிடுவதுதான் காரணம் என்று ஹான்சன் என்பவர் கண்டுபிடித்து, 1883-ல் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்து அதிலிருந்து சுத்தமான ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். ஜேகப்சன் அதைப் பூட்டி வைக்கவில்லை, போட்டி ஆலைகளுக்கும் கொடுத்தார். எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். அதே 1883-ல் அதே கூடத்தில் கெல்டால் என்பவர், தானியத்தில் புரதம் எவ்வளவு என்று நைட்ரஜனை வைத்து அளக்க வழி சொன்னார்; இன்றும் பாலிலும் பருப்பிலும் புரதம் பார்க்க அந்த முறை புழக்கத்தில் இருக்கிறது.

கேள்வி: எம்.எட். ஆய்வுக்கு ஸ்டூடன்ட் டி-டெஸ்ட் போடச் சொல்கிறார் கைடு. யார் அந்த ஸ்டூடன்ட்? என்னிடம் இருப்பதே 12 பிள்ளைகளின் மார்க்குதான்.
- வாசகி, தக்கலை

பதில்: அவரும் பீர் ஆலைக்காரரே! பெயர் காசெட், டப்ளினில் கின்னஸ் ஆலையில் 1899-ல் வேலைக்குச் சேர்ந்தவர். பார்லியையும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவையும் சோதிக்க அவர் கையில் இருந்தது நாலைந்து மாதிரிகள்தான், அவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு எதையாவது நம்பிச் சொல்ல முடியுமா என்பதே அவருடைய கவலை. அதற்குக் கண்ட வழிதான், சராசரிகளில் தெரியும் வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று பார்க்கும் இந்த டி-டெஸ்ட்; அதை 1908-ல் வெளியிட்டார். ஆலை விஷயம் வெளியே போகக் கூடாது என்பதால் சொந்தப் பெயரில் எழுத அனுமதி இல்லை, அதனால் 'ஸ்டூடன்ட்' என்று போட்டுக்கொண்டார். உங்களைப் போலக் கொஞ்சம் மாதிரி வைத்திருப்பவர்களுக்காகவே வந்த டெஸ்ட் அது. மார்க்குகள் ஒன்றுக்கொன்று ரொம்பவும் தாறுமாறாக இல்லை என்றால் 12 பேரை வைத்தே தாராளமாகப் போடுங்கள்.