மாத்திரை அட்டையோடு கண் மருத்துவரிடம் போங்கள்

வேலூரில் கண் நோயாளிகளைப் பார்த்தபடியே முப்பது ஆண்டு செவிலியர் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இலக்குசார் புற்றுநோய் மருந்துகளால், அதாவது புற்றணுவை வளரவைக்கும் குறிப்பிட்ட புரதத்தைக் குறிவைக்கும் மருந்துகளால், கண்ணில் வரும் தொல்லைகள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சிஸ்டர், அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். நான்கு மாதமாக எர்லோடினிப் சாப்பிடுகிறார். இமைமுடி சுருண்டு நீளமாக வளர்கிறது, கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்துகிறதாம். பாட்டி நந்தியாவட்டைப் பூ வைக்கச் சொல்கிறார். முடியைப் பிடுங்கிவிடலாமா? (குடியாத்தம்)

பூ பாட்டியின் சாமி படத்துக்குப் போகட்டும், கண்ணுக்கு வேண்டாம். முடியையும் பிடுங்காதீர்கள். புற்றணுக்களை வளரத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பியை (செல்லுக்கு வரும் சேதியை வாங்கும் புரதம்) இந்த மருந்து அடைக்கிறது. அதே ஏற்பி முடிக்கால்களிலும், கருவிழியின் மேல்படலத்திலும், இமையோர எண்ணெய்ச் சுரப்பிகளிலும் இருக்கிறது. அதனால்தான் முடி தறிகெட்டு வளர்கிறது, இமை சிவக்கிறது, கண் வறண்டுபோகிறது.

அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பாருங்கள். முடி வெளிப்பக்கம் சுருண்டிருந்தால் பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கும். ஏதாவது ஒன்று உள்ளே மடங்கி, ஈரமாக விழியோடு ஒட்டிக் கிடந்தால் அதுதான் வில்லன். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கருவிழியைக் கீறும். இந்த மருந்து சாப்பிடும்போது அந்தக் கீறல் ஆறவும் நாளாகும்; புண்ணாகி, அரிதாகக் கருவிழி துளைபட்டும் போகலாம். வீட்டில் பிடுங்கும்போது பாதியில் அறுந்தால், மிச்சக் கட்டை முன்னைவிட மோசமாகக் குத்தும். ஸ்லிட் லேம்ப் என்ற கண் உருப்பெருக்கியில் பார்த்து மருத்துவரே எடுக்கட்டும். சித்திரை வெயிலுக்குப் பயந்து மின்விசிறிக்கு நேர் கீழே படுக்கவைக்காதீர்கள், கண் இன்னும் காயும்.

கிரிசோடினிப் ஆரம்பித்து பத்து நாள். விடியற்காலை விளக்கைப் போட்டதும் வெளிச்சம் வால் நீட்டுகிறது. பார்வை போய்விடுமா? (ஆம்பூர்)

இந்த மருந்தில் இது சகஜம். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போதுதான் அதிகம் தெரியும், பெரும்பாலும் பார்வையைக் கெடுக்காது. ஆனாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது அடங்கும்வரை இருட்டில் வண்டி ஓட்டாதீர்கள்.

இமாடினிப் சாப்பிடும் அம்மாவுக்குக் காலையில் கண் வீங்குகிறது. சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருக்கிறது. (ஆரணி)

கண்ணைச் சுற்றியுள்ள தோல் மெல்லியது, உடலில் தேங்கும் நீர் அங்கேதான் முதலில் தெரியும். ஊறுகாய், கருவாட்டைக் குறைத்து, தலையணையை உயர்த்திப் பாருங்கள். எடை கிடுகிடுவென ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனை.

டிராமெட்டினிப் சாப்பிடுகிறேன். நடுப்பார்வையில் வட்டமாக மங்கல். அடுத்த மாதம் செக்கப் இருக்கிறது. (காட்பாடி)

அடுத்த மாதமா? இன்றே போங்கள். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கலாம். அது பெரும்பாலும் சரியாகிவிடும். விழித்திரை ரத்தக்குழாய் அடைப்பு என்றால் நிலைமை வேறு. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், புற்றுநோய் மருத்துவருக்கு இப்போதே போன் செய்து கேளுங்கள். கண் மருத்துவரிடம் மாத்திரை அட்டையை நீட்டுங்கள். நோயின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு கண்ணாடி மட்டும் மாற்றிப்போன பெரியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

புரை அறுவைக்குக் கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது. எரிச்சலுக்கு விடலாமா? (வாலாஜா)

கூடாது. அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும், கருவிழியில் புண் இருந்தால் கிளறிவிட்டுவிடும். பாட்டிலைத் திறந்து ஒரு மாதம் தாண்டியிருந்தால் குப்பையில் போடுங்கள்.