தண்டனைக்குக் கணக்குப் பார்க்கலாமா? கேள்வி பதில்

கே: ‘அதிகம் பேருக்கு அதிக நன்மை’ என்கிற பயன்பாட்டுவாதம் தண்டனையை ஆதரிக்கிறதா, எதிர்க்கிறதா சார்?

ப: வேண்டாவெறுப்பாக ஆதரிக்கிறது. தண்டனை எதுவானாலும் அதுவே ஒரு தீமைதான் என்று 1789இல் எழுதினார் இந்த வாதத்தின் முன்னோடியான ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம். அதைவிடப் பெரிய தீமையைத் தடுக்குமென்றால் கொடுக்கலாம். ‘செய்தவன் அனுபவிக்கட்டும்’ என்பதை அவர் காரணமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்.

கே: தண்டனையைக் கடுமையாக்கினால் குற்றம் குறையும்தானே?

ப: 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து இதைச் செய்தே பார்த்தது. அந்த நூற்றாண்டு முடியும்போது சுமார் 200 குற்றங்களுக்குத் தூக்கு. வீட்டுக்குள் 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் கயிறுதான். ஆனால் கூண்டில் நிற்பவர் மேல் இரக்கப்பட்ட ஜூரிகள், திருட்டுப் பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். ஒரு ஷில்லிங்கில் ஓர் உயிர்! சட்டம் கடுமையாக ஆக, அதை நிறைவேற்ற மனிதர்களுக்குக் கை வரவில்லை. தண்டனையின் கடுமையைவிட, அது தப்பாமல் கிடைக்கும் என்ற நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியரான பெக்காரியா 1764இலேயே சொல்லியிருந்தார். போலீஸ் நிற்கும் தெருமுனை வந்ததும் பெட்ரோல் டேங்க்கிலிருந்து தலைக்கு ஏறும் ஹெல்மெட்டைக் கேளுங்கள், அதுவும் இதையே சொல்லும்.

கே: கலவரத்தை அடக்க ஒரு நிரபராதியைத் தூக்கில் போட்டால், இந்தக் கணக்குப்படி சரியாகிவிடுமே?

ப: மெக்லாஸ்கி என்ற தத்துவ அறிஞர் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார். உண்மை வெளிவந்தால் நீதிமன்றத்தை யாரும் நம்ப மாட்டார்கள், அந்த நட்டம் பெரிது என்பது வழக்கமான பதில். எனக்கு அது ஒப்பவில்லை. உண்மை கடைசிவரை வெளிவராவிட்டாலும் தப்பு தப்புதானே? அங்கே கூட்டல் கழித்தல் உதவாது.

கே: பயன்பாட்டுவாதிகள் எல்லோரும் மரண தண்டனைக்கு எதிரிகளா?

ப: இல்லை. பெந்தம் எதிர்த்தார். ஜான் ஸ்டூவர்ட் மில்லோ 1868இல் நாடாளுமன்றத்தில் ஆதரித்தே பேசினார்.

கே: இந்தியச் சட்டத்தில் இதன் தடம் உண்டா?

ப: உண்டு. பெந்தமின் தாக்கத்தோடு மெக்காலே தலைமையில் 1837இல் தயாரான வரைவுதான் 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமானது. யாரும் புகார் சொல்ல நினைக்காத அளவுக்கு அற்பமான தீங்கு குற்றமாகாது என்றது அதன் 95ஆவது பிரிவு. வரைவை எழுதியவர்கள் காட்டிய உதாரணம் எனக்குப் பிடிக்கும்: அடுத்தவர் மைக்கூட்டில் பேனாவைத் தொட்டுக்கொள்வதும், எழுத்துப்படி பார்த்தால் திருட்டுதான்.