மின்கடத்தாப் படிகத்துக்குள் மின்புலம் என்ன செய்யும்?

சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷன் படிக்கும் ஆறாம் படிவ மாணவியும் இதைத்தான் கேட்டாள்: குவார்ட்ஸ் மின்சாரம் கடத்தாது, அப்புறம் மின்புலத்துக்கு அங்கே என்ன வேலை?

எலக்ட்ரான்கள் ஓடாது, ஆனால் சாயும். எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகளின் தொகுப்பைப் பட்டை என்பார்கள். நிரம்பிய பட்டைக்கும் அதற்கு மேலே காலியான பட்டைக்கும் நடுவே பெரிய ஆற்றல் இடைவெளி. வைரத்தில் சுமார் 5.5 எலக்ட்ரான்வோல்ட். சாதாரண மின்புலம் அதைத் தாண்ட வைக்காது. மேல்பட்டை நிலைகள் துளி கலக்கும், எலக்ட்ரான் மேகம் நகரும். அயனிகளும் சற்று விலகும். இதுதான் முனைவாக்கம்.

சிக்கல் இந்த முனைவாக்கம் எவ்வளவு என்று கணக்கிடுவதில்தான். செம்பனை வரிசையில் இரண்டு மரத்துக்கு நடுவே ஓர் உர மூட்டை இருக்கிறது என்று வையுங்கள். அது இடப்பக்க மரத்துக்கா, வலப்பக்க மரத்துக்கா? ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆனால் எல்லா மூட்டைகளையும் ஓர் அடி நகர்த்தினால், அந்த ஓர் அடி எல்லார் கணக்கிலும் ஒன்றே. படிகத்திலும் எலக்ட்ரான் மேகம் எந்த அயனிக்கு உரியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது; முனைவாக்கத்தின் மாற்றத்தைத்தான் மின்னோட்டமாக அளக்கிறோம். 1993இல் கிங்-ஸ்மித், வாண்டர்பில்ட் என்ற இயற்பியலாளர்கள் அந்த மாற்றத்தை எலக்ட்ரான் அலைச்சார்புகளின் (எலக்ட்ரானை விவரிக்கும் அலைகளின்) பெர்ரி கட்டத்தால் எழுதினார்கள். கட்டம் என்பது அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பது; அலைச்சார்பு மெல்ல மாறி ஒரு முழுச் சுற்று வரும்போது சேரும் கட்ட மாற்றம்தான் பெர்ரி கட்டம். மின்னூட்ட அடர்த்தியை மட்டும் பார்த்தால் கிடைக்காத விடை, அலையின் கட்டத்துக்குள் இருந்தது. எனக்கு இன்றும் இது பெரிய வியப்பு.