மூன்று சென்சாரும் ஒரே நாளில் போகாது

கேள்வி: சார், என்னுடையது 2009 மாடல் பெட்ரோல் கார். போன மாதம் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் செக் இன்ஜின் லைட் எரிந்தது, வண்டி இழுக்காமல் திணறியது. ஸ்கேனரில் த்ராட்டில் (காற்று வழி எவ்வளவு திறக்கிறது), கூலன்ட் டெம்பரேச்சர் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் சூடு), மேப் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) என மூன்று சென்சாருக்கும் எரர் கோட். மெக்கானிக் இரண்டை மாற்றினார், 7,500 ரூபாய் ஆனது. நான்கே நாளில் லைட் மறுபடி எரிகிறது. மூன்றாவதையும் மாற்றிவிடலாமா?
- வாசகர், காரிமங்கலம்

பதில்: வேண்டாம். பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். இப்படிக் காசு போவதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. ஸ்கேனர் காட்டும் கோட், அந்த சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் சொல்கிறது, சென்சார் செத்துவிட்டது என்று சொல்வதில்லை. மூன்றும் சேர்ந்து புகார் தந்தால் மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது எர்த் ஒயர்தான், அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேரும் ஒயர்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளக்கும் இடத்தில்) வைத்துப் பார்த்துவிட்டு ஒயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள், பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தாலும் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டும், கரன்ட் பாயும்போதுதான் குட்டு வெளிப்படும். எர்த் போல்ட்டைக் கழற்றி களிம்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, இறுக்கி மாட்டுங்கள்.

அதன் பிறகும் லைட் எரிந்தால் சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், த்ராட்டில் சென்சார் கனெக்டரைக் கழற்றாமலேயே பின்பக்கமாக ஊசி செருகி அளக்கலாம். ஒரு ஒயரில் 5 வோல்ட், எர்த் ஒயரில் கிட்டத்தட்ட பூஜ்யம், மூன்றாவதில் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக அமுக்கும்போது சுமார் 0.5-லிருந்து 4.5 வரை குதிக்காமல் ஏற வேண்டும். எர்த் ஒயரிலேயே வோல்ட் நின்றால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள், ஹார்னஸை (ஒயர் கட்டை) பிரித்துப் பாருங்கள். மாந்தோப்பு ஓரம், வைக்கோல் போர் பக்கம் வண்டியை நிறுத்துகிறவர் என்றால் முதலில் எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், பேட்டரி இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும், இதில் குறைந்தாலும் தேவையில்லாத கோட்கள் வரும்.

கேள்வி: இன்ஜின் சூடானதும் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. 2004 மாடல் வண்டி.
- வாசகர், ஊத்தங்கரை

பதில்: இன்ஜின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சார் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். சூட்டில் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) விட்டுப்போய், ஆறினால் சேர்ந்துகொள்ளும். ஆனால் பார்க்காமல் மாற்றாதீர்கள். நின்ற அந்த நிமிடமே ஸ்கேனரை மாட்டி செல்ஃப் அடியுங்கள், ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே இருந்தால் சென்சாரோ அதன் ஒயரோதான். ஆர்பிஎம் வருகிறது, வண்டி மட்டும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் பம்பையும் அதன் ரிலேயையும் பாருங்கள், வேலை அங்கே இருக்கிறது.