மின்தூக்கியில் யாரும் சிரிப்பதில்லை

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, சிங்கப்பூரில் தங்ளின் ஹால்ட் வட்டாரத்தில் பத்து மாடி புளோக் ஒன்றில் 26 வருடம் இருந்தோம். அந்த புளோக்குகளை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எடுத்துக்கொண்டதால் இப்போது டாசனில் உயரமான புதுக் கட்டடத்தில் இருக்கிறோம். வீடு நன்றாக இருக்கிறது. மனிதர்கள்தான் சரியில்லை. மின்தூக்கியில் குட் மார்னிங் சொன்னால் கைபேசியிலிருந்து தலை நிமிர்வதில்லை. மேல்வீட்டில் இரவு பதினொரு மணிக்கு மேல் நாற்காலியை இழுக்கிறார்கள். புவன விஸ்தாவில் ரயில் மாறும்போது என் பை பட்டுவிட்டது என்று என் மகன் வயதுப் பையன் எல்லார் முன்னாலும் கத்தினான். இவனை எப்படித்தான் வளர்த்தார்களோ! கோயிலுக்குப் போனால் மட்டும் நாலு பேர் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் மறதி நோய் உள்ள மாமியார். இரவில் நாலு முறை எழுந்திருக்கிறேன். போன வாரம் பேரங்காடியில் தள்ளுபடியைச் சரியாகப் போடவில்லை என்று காசாளர் பெண்ணிடம் கத்திவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. அதிலிருந்து அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. ஏன் எல்லாரும் இப்படிச் சிடுசிடுவென்று ஆகிவிட்டார்கள்? நானும் அப்படித்தான் ஆகிவிட்டேனா?

– வாசகி, 54 வயது, குவீன்ஸ்டவுன்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஊரே கோபமாக இருக்கிறது என்று எனக்கு எழுதுகிறவர்கள் நிறைய. நானும் ஒரு பெண்ணை அழ வைத்துவிட்டேன் என்று அதே கடிதத்தில் எழுதுகிறவர் அபூர்வம். மனசு மரத்துப்போனவருக்கு அந்தக் கண்ணீர் ஒரு வாரம் ஞாபகத்தில் நிற்காது. அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.

இப்போது அந்தப் பையனையும் உங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் கத்தியதற்கு அவன் வளர்ப்பைக் காரணம் சொல்கிறீர்கள். நீங்கள் கத்தியதற்கு நாலு முறை எழுந்த இரவைக் காரணம் சொல்கிறீர்கள். உங்கள் காரணம் உண்மைதான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவனுக்கு முந்தின இரவு எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் மாமியாரைப் பற்றி அந்தக் காசாளர் பெண்ணுக்கும் தெரியாது. அவளும் அன்று வீட்டுக்குப் போய், "இப்போதெல்லாம் வாடிக்கையாளர்களுக்கு ஏன்தான் இவ்வளவு கோபம் வருகிறதோ" என்று அம்மாவிடம் சொல்லியிருப்பாள். நாம் தப்பு செய்தால் நிலைமை அப்படி, அடுத்தவர் செய்தால் அவர் குணமே அப்படி என்றுதான் நம் எல்லாருடைய மனமும் கணக்குப் போடுகிறது. ஊர் கெட்டுவிட்டது என்ற நம் எண்ணத்தில் ஒரு பங்கு இந்தக் கணக்கிலிருந்து வருவது.

முன்பு மனிதர்கள் நல்லவர்களாக இருந்தார்கள் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, 1979இல், மரியாதையாகப் பழகுங்கள் என்று சொல்லி அரசாங்கம் ஒரு தேசிய இயக்கத்தையே தொடங்கியது. 1982இல் சிங்கா என்ற சிங்கம் வந்தது. சுவரொட்டியில், பள்ளிக்கூடத்தில், எங்கே பார்த்தாலும் அது சிரித்துக்கொண்டு நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். எல்லாரும் தானாகவே இனிமையாகப் பழகியிருந்தால் அது தேவைப்பட்டிருக்காதே. உலகம் முழுக்கவும் இதே கதைதான். ஆடம் மாஸ்ட்ரோயானி, டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுபது ஆண்டுக் கருத்தாய்வுகளை எடுத்து அலசி, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். குறைந்தது 60 நாடுகளில் மக்கள், மனிதர்களின் நல்ல குணம் குறைந்துகொண்டே வருகிறது என்று நம்புகிறார்கள். ஆனால் உங்களைச் சுற்றியிருப்பவர்கள் இன்று உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேட்டால், காலம் மாறியும் பதில் பெரிதாக மாறவில்லை. கெட்டது சட்டென்று கண்ணில் படுகிறது. பழைய கெட்டது சீக்கிரம் மறந்துபோகிறது. தங்ளின் ஹால்ட்டில் 26 வருடத்தில் ஒரு சண்டைகூடப் பார்த்ததில்லை என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

அதற்காக நீங்கள் உணர்வது வெறும் பிரமை என்று சொல்லவில்லை. ஒன்று நிஜமாகவே மாறியிருக்கிறது. அது நடைபாதை.

நான் தோ பாயோவில் வளர்ந்தவள். எங்கள் புளோக்கில் மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பது ஆகிய மாடிகளில் மட்டும்தான் நிற்கும். எங்கள் வீடு ஏழாவது மாடியில். ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறி, நீண்ட பொது நடைபாதையில் எட்டு வீட்டு வாசலைக் கடந்துதான் எங்கள் வாசலுக்கு வர முடியும். கதவெல்லாம் திறந்திருக்கும், இரும்புக் கிராதி மட்டும் சாத்தியிருக்கும். யார் வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள், யார் வீட்டுப் பையன் அடி வாங்குகிறான், எல்லாம் தெரிந்துபோகும். இந்தச் சுமையை யாரும் விரும்பி ஏற்கவில்லை. எங்கள் அம்மா மார்க்கெட் பையோடு அந்தப் படிகளைத் திட்டிக்கொண்டேதான் ஏறுவார். ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவை எட்டு வாசலைக் கடந்தால் எட்டுக் குடும்பத்தின் பெயரும் தானாகத் தெரிந்துவிடும். 2001 முதல் பழைய புளோக்குகளிலும் ஒவ்வொரு மாடியிலும் மின்தூக்கி நிற்கும்படி மாற்றத் தொடங்கினார்கள். முதியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று உங்கள் மாமியாரை வைத்தே உங்களுக்குத் தெரியும். புதிய கட்டடங்களில் ஒரு மின்தூக்கி வாசலுக்குச் சில வீடுகள்தான், குளிர்சாதனம் ஓடுவதால் கதவும் சாத்தியே இருக்கிறது. அங்கே யாரும் கெட்டவர்களாகக் குடியேறவில்லை. ஒருவரையொருவர் கடந்துபோக வேண்டிய அவசியம் இல்லாமல் போனது, அவ்வளவுதான். கோயிலில் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசுகிற நாலு பேரும் அவரவர் புளோக் மின்தூக்கியில் கைபேசியைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள்.

பெயர் தெரியாதவர் மேல் கோபம் சீக்கிரம் வருகிறது. இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன்.

பல வருடங்களுக்கு முன், கல்யாணமாகிப் புது வீட்டுக்குப் போன சமயம். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு மேல்வீட்டிலிருந்து 'தொம், தொம்' என்று ஒரு சத்தம். படுக்கைக்கு நேர் மேலே. தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்திருப்பேன். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று மூன்று வாரம் நம்பினேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், தலையைக்கூட வாராமல் மேலே போய்க் கதவைத் தட்டினேன். ஒரு மலாய்ப் பாட்டி திறந்தார். கை முழுக்கச் சிவப்பு. பின்னால் சமையலறைத் தரையில் கல் உரல், அதில் பாதி இடித்த மிளகாயும் வெங்காயமும். மகள் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடை வைத்திருக்கிறாள், சம்பல் இடித்துக் கொடுத்தால்தான் ஆறு மணிக்குக் கடைக்குக் கிளம்ப முடியும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "சத்தமா கேட்குதா மகளே?" என்று அவரே கேட்டார். நான் ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாளிலிருந்து உரலுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டார். சத்தம் கொஞ்சம் மங்கியதே தவிர, நிற்கவில்லை. அந்த வீட்டில் நாங்கள் இருந்த ஒன்பது வருடமும் அது கேட்டது. ஆனால் எனக்கு அதற்குப் பிறகு ஒரு நாளும் கோபம் வரவில்லை. "மக்சிக் எழுந்துவிட்டார்" என்று என் கணவர் தூக்கத்தில் முணுமுணுப்பார் (வயதான பெண்களை மலாயில் மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்), நாங்கள் திரும்பிப் படுத்துக்கொள்வோம். சத்தம் அதேதான். அது யாருடைய சத்தம் என்று தெரிந்திருந்தது.

அவசரம் என்ற விஷயமும் இருக்கிறது. ரயில் நிலையத்துப் பையனை நினைத்து இதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரின்ஸ்டனில் பாதிரியார் ஆகப் படிக்கிற மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேச்சுக் கொடுக்கச் சொன்னார்கள். வழியில் ஒரு வாசலில் ஒருவர் சுருண்டு இருமிக்கொண்டிருப்பார். அது ஆய்வுக்காகச் செய்த ஏற்பாடு. நேரம் இருக்கிறது, மெதுவாகப் போ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவ முன்வந்தார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான். அதிலும் சிலருக்குக் கொடுத்த பேச்சுத் தலைப்பே, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. கடிகாரம் அவர்களை அப்படி ஆக்கியது. காலை எட்டேகால் மணிக்கு புவன விஸ்தாவில் இறங்கி ஓடுகிற யாரைப் பார்த்தாலும் எனக்கு அந்த மாணவர்கள் நினைவு வருகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஏற்பதில்லை. காரணம் புரிந்தால் கோபக்காரரை வெறுக்காமல் இருக்கலாம். கத்தியது சரி என்று ஆகிவிடாது. அந்தப் பையன் உங்களிடம் நடந்துகொண்டது தப்பு. நீங்கள் அந்தப் பெண்ணிடம் நடந்துகொண்டதும் தப்பு.

அதனால் முதலில் அந்தக் கடைக்குப் போங்கள். கூட்டமில்லாத நேரமாக, மதியம் மூன்று மணி வாக்கில். நீளமாக விளக்க வேண்டாம், மாமியார் கதையும் வேண்டாம். விளக்கம் நீண்டால் அவள்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். "போன வாரம் உங்களிடம் கத்தினேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள்." இவ்வளவு போதும். சட்டையில் பெயர் அட்டை இருக்கும், பெயரைச் சொல்லியே பேசுங்கள். அவள் இல்லையென்றால் இன்னொரு நாள் போங்கள், மற்றவரிடம் சொல்லிவிட்டு வர வேண்டாம்.

அப்புறம் மேல்வீடு. இரவு பதினொரு மணிக்குப் போகவே போகாதீர்கள். நான் தலை கலைந்து போன மாதிரி போனால் எல்லா வீட்டிலும் மக்சிக் கதவைத் திறக்கமாட்டார். சனிக்கிழமை மாலையில் போங்கள். கையில் நாலு மாம்பழம் கொண்டுபோங்கள். சமைத்த பண்டம் வேண்டாம். ஹலாலா, சைவமா என்று அவர்கள் சங்கடப்படக்கூடும். முதலில் உங்கள் பெயர், கீழ்வீடு என்று சொல்லுங்கள். பிறகு, "என் மாமியாருக்கு மறதி நோய், ராத்திரியில் எழுந்து சத்தம் போடுவார், உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். இது தந்திரம் இல்லை. அவர்களுக்கும் உங்கள் வீட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கலாம், நீங்கள் யாரென்று தெரியாமல் அவர்களும் எரிச்சலில் இருக்கலாம். அதற்குப் பிறகு நாற்காலிப் பேச்சு எளிதாக வரும். அடுக்குமாடியில் சத்தம் கான்கிரீட் வழியாக எங்கெங்கோ பயணம் செய்யும், நாற்காலி வேறு வீட்டிலிருந்தும் இருக்கலாம். அதனால் பழி சொல்லாமல் கேள்வியாகவே கேளுங்கள். நாற்காலிக் காலில் ஒட்டுகிற மெத்தைத் துண்டுகளை முதல் தடவையே நீட்டிவிடாதீர்கள், அது குற்றப்பத்திரிகை மாதிரி ஆகிவிடும். ஒன்றும் நடக்கவில்லையென்றால் சமூக சமரச நிலையம் 1998 முதல் இருக்கிறது. தீர்ப்புச் சொல்கிற இடம் இல்லை அது, பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் இரு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேச வைப்பார். அதையும் தாண்டினால் 2015இல் வந்த அண்டை வீட்டார் பூசல்களுக்கான நடுவர் மன்றம். அவ்வளவு தூரம் போகாது என்றுதான் நினைக்கிறேன்.

மின்தூக்கிக்கு ஒரு சின்ன யோசனை. குட் மார்னிங்குக்குப் பதிலாக, "எத்தனையாவது மாடி?" என்று கேட்டு நீங்களே பொத்தானை அழுத்துங்கள். அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், குரல் ஒரு தடவை வெளியே வந்துவிடும். சிகாகோவில் தினமும் ரயிலில் போகிறவர்களை வைத்து 2014இல் வந்த ஓர் ஆய்வில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசினால் பயணம் கெட்டுவிடும் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். நிஜமாகப் பேசிப் பார்த்தவர்களுக்குப் பயணம் இன்னும் இனிமையாக இருந்தது. உங்கள் மின்தூக்கியில் தலை குனிந்து நிற்பவரும், நீங்கள் பேச விரும்பமாட்டீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் உங்கள் தூக்கம். நாலு முறை எழுந்த உடம்பில் பொறுமையை எங்கிருந்து எடுப்பீர்கள்? ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழையுங்கள். பகல்நேரப் பராமரிப்பு நிலையம் பற்றிக் கேளுங்கள், இரவில் பார்த்துக்கொள்ளும் சேவை உங்கள் மாமியாருக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். பகலில் மூளைக்கும் உடம்புக்கும் வேலை இருந்தால் இரவில் கொஞ்சம் நன்றாகத் தூங்கவும் வாய்ப்புண்டு. உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. வீட்டில் இருக்கிறார் என்றால் நாலில் இரண்டு முறை அவர் எழுந்திருக்கட்டும். அது அவருடைய அம்மா.

கடைக்குப் போய் வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா