கண்ணி ஏன் குறையவில்லை?

கேள்வி: பருத்தி நூலில் கோப்பை துடைக்கும் துணி ஒன்றை மூலையிலிருந்து மூலைக்குப் பின்னுகிறேன். ஊசியில் 44 கண்ணி (நூல் வளையம்) வந்ததும் குறைக்கத் தொடங்கினேன். பத்து வரி பின்னியும் 44 கண்ணியிலேயே நிற்கிறது. எங்கே பிழை?
- ஒரு வாசகி, சாவகச்சேரி

பதில்: கை சரி பிள்ளை, கணக்குத்தான் பிழை. கூட்டும் பாதியில் இரண்டு கண்ணி பின்னி, ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, மிச்சத்தைப் பின்னுவோம். வரிக்கு ஒன்று கூடும். ஓரத்துத் துளையும் அந்தச் சுற்றால்தான் வருகிறது. குறைக்கும்போதும் துளைக்காக நூலைச் சுற்றிவிட்டு, ஒரே இடத்தில் மட்டும் இரண்டை ஒன்றாகப் பின்னியிருப்பீர்கள். ஒன்று வந்தது, ஒன்று போனது!

குறைக்கும் வரியை இப்படிப் பின்னுங்கள்: முதலில் ஒரு கண்ணி, அடுத்து இரண்டை ஒன்றாக, பிறகு நூல் சுற்று, மறுபடி இரண்டை ஒன்றாக, அப்புறம் வரி முடியும் வரை நேராக. நாலு கண்ணி மிஞ்சும்போது முடித்துவிடலாம். பின்னிய பத்து வரியை அவிழ்க்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் துணி கோணலாக நிற்கும்.

பருத்தி கம்பளிபோல இழுபடாது, அதனால் இறுக்கிப் பின்னாதீர்கள், விரல் நோகும். மிச்சம் கிடக்கிறதே என்று அக்ரிலிக் நூலை எடுக்கவும் வேண்டாம். நான் ஒருமுறை எடுத்தேன்: தண்ணீரை உறிஞ்சவில்லை, சுடுசட்டியைப் பிடித்ததும் உருகி ஒட்டிக்கொண்டது. குசினியில் அன்று பட்ட பாடு!

நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். துணி விறைத்தால் தேசிக்காய்ச் சாறு விட்ட தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போடுங்கள்.